தப்பு சார் திருத்திய சினிமா

சினிமா பார்த்துச் சந்தோஷப்பட்ட ஜனங்கள் இந்தப் பூமியில் கோடிக்கணக்கில் உண்டு. சினிமாவே வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்ட புண்ணியவான்களும் உண்டு. ஆனால் ஒரு படத்தையும் விடாமல் போய்ப் பார்த்து, ஒரு படத்தைக்கூட ரசிக்காமல் திரும்பி வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஹாஸ்டல் வார்டன், தப்பு சார்.

எங்களுக்குத்தான் அவர் தப்பு சார். ஹாஸ்டலை நடத்திய பாதிரியார் ரெக்டர் அச்சனுக்கு வெறும் 'சாரே'. ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். நாலு வருஷம் அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த எனக்கு இன்றுவரை அது தெரியாது. கேட்டிருக்கலாம். "இத்தனை நாள் களிச்சுக் கேக்கறே பாரு, அது தப்பு" என்றிருப்பார்.

டூரிங் டாக்கீஸில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்து நின்று "தப்பு!" என்று கத்துவார். கதாநாயகன் இரண்டு வெள்ளை மாடு பூட்டிய வண்டியில் புறப்படுவான். ஊர் போய்ச் சேரும்போது ஒரு மாடு செவலையாகியிருக்கும். "தப்பு!" கதாநாயகி மூன்று நாள் காட்டில் வழிதவறி அலைவாள், தலையில் மல்லிகை வாடியிருக்காது. "தப்பு!" ஒரு படத்தில் தவக்காலத்தில் ஒரு பாதிரியார் பூசை வைத்தார். எழுந்துவிட்டார் மனிதர். "தவக்காலத்துல வெள்ளை உடுப்பா? ஊதா போடோணும்! தப்பு!"

"கறுப்பு வெள்ளைப் படம் சார், நிறம் எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

"கறுப்பாத் தெரிஞ்சா ஊதான்னு விட்டுடலாம், பச்சைன்னு விட்டுடலாம். வெள்ளையாத் தெரியுதேடா! வெள்ளையை வேற என்னன்னு விடறது?"

டாக்கீஸ் முதலாளி யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். படம் காட்டும் மிஷினுக்கு ஒட்டினாற்போல ஒரு நாற்காலி போட்டு, "இது உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் சீட்டுங்க" என்று மரியாதையாக உட்கார வைத்துவிட்டார். மிஷின் போடுகிற சத்தத்தில் சாரின் சத்தம் பாதி அமுங்கிப் போகும். மீதிப் பாதியை ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

எங்கள் மிஷன் ஹாஸ்டல் பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு அங்கே பாக்டரியும் லாரியுமாக இருக்கிறது. ஐம்பதுகளில் பனைமரமும் காற்றும்தான். அந்தக் காற்று கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பிக் கணவாய் வழியாக வந்து, கொடியில் காய்கிற எங்கள் சட்டைகளை எடுத்துக்கொண்டு அரபிக்கடலுக்குப் போய்விடும். தை மாசம் முழுக்க நாங்கள் சட்டைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்போம்.

மொத்தம் எழுபத்திரண்டு பையன்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பையன்கள், மலையாளி நஸ்ராணிக் கிறிஸ்தவர்கள், உடும்பஞ்சோலை, சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களிலிருந்து சாமியார் சிபாரிசில் வந்த தமிழ்க் கிறிஸ்தவப் பையன்கள், அப்புறம் பாலக்காட்டுக் கடைவீதி ராவுத்தர் பையன்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் நான் ஒருவன். கிறிஸ்தவ ஹாஸ்டலில் ஜவுளிக்கடை ராவுத்தர் மகனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அத்தாவுக்கு இங்கிலீஷ் மேல் ஆசை, என் மேல் நம்பிக்கை இல்லை. இரண்டும் சேர்ந்து என்னை அங்கே கொண்டுபோய் விட்டன. இது போக, கல்பாத்தியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ரயிலில் வந்து போகும் சேஷன் என்று ஒருவன். மத்தியானம் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவான், சாப்பிட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து கவுண்டர் தோட்டத்து மாங்காய் திருடுவான்.

இத்தனை வகைப் பையன்களை வைத்துச் சோறு போடுவது லேசான காரியமில்லை. கத்தோலிக்கப் பையன்களுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது. எங்களுக்கு எந்தக் கிழமையும் ராவுத்தர் கடைக் கறிதான் ஆகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றரை மைல் நடந்து ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவோம். திரும்புவதற்குள் பந்தி முடிந்துவிடும். தப்பு சார் இதற்கெல்லாம் ஒரு முறை வைத்திருந்தார். சாப்பாட்டு ஹாலின் சுவரில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அதில் கிழமையை எழுதி, அதற்குக் கீழே இன்று பரிமாறுவது யார், கழுவுவது யார் என்று எழுதுவார். வெள்ளிக்கிழமையானால் கடைசியில் ஒரு வரி சேரும்: 'தட்டுக் காவல்: ஞானப்பிரகாசம்'.

எங்கள் ஐந்து பேருடைய தட்டுகளில் சாப்பாடு எடுத்து வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்து, நாங்கள் வரும்வரை காகம், பூனை, கவுண்டர் வீட்டுப் பையன்கள் ஆகிய மூன்றிடமிருந்தும் காப்பாற்றுவதுதான் தட்டுக் காவல். சக்குபள்ளத்து ஞானப்பிரகாசம், எங்களுக்கு ஞானம், இரண்டு வருஷமாக அந்த உத்தியோகத்தில் இருந்தான். ஒரு நாள் ஒரு அப்பளம் குறைந்ததில்லை. எங்களைக் கண்டதும், "வந்துட்டியளால? சோறு ஆறிப்போச்சு, சீக்கிரம் தின்னுங்க" என்பான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்தில் கூலி. மலையிலிருந்து கம்பத்துக்கு இறங்கி, பஸ் மாறி, ரயில் ஏறி அவள் வந்து பார்க்கிற தூரமில்லை. விடுமுறைக்கும் அவன் ஹாஸ்டலில்தான் கிடப்பான். தாயும் பிள்ளையும் பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் மதராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது.

கதை ஒரு பாதிரியார் நடத்துகிற பள்ளிக்கூடத்தைப் பற்றியதாம். எல்லா மதப் பிள்ளைகளும் ஒற்றுமையாகப் படிக்கிற பள்ளிக்கூடமாம். எங்கள் ஹாஸ்டலைப் பார்த்ததும் டைரக்டருக்குப் பிடித்துப்போயிற்று. கட்டடத்தை மட்டும்தான் பிடித்தது, எங்களைப் பிடிக்கவில்லை. படமெடுக்க இடம் கொடுத்தால் மணிக்கூண்டு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ரெக்டர் அச்சனுக்கு மணிக்கூண்டு பல வருஷத்துக் கனவு. சம்மதித்துவிட்டார்.

எங்களையெல்லாம் படத்தில் எடுப்பார்கள் என்று தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வரிசையாக நின்றோம். டைரக்டர் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நாங்களே பையன்களைக் கொண்டுவந்திருக்கோம்" என்றார். வேனிலிருந்து பன்னிரண்டு பையன்கள் இறங்கினார்கள். எல்லாம் நாடகக் கம்பெனிப் பையன்கள். பன்னிரண்டு பேரும் ஒரே சிவப்பு, ஒரே பவுடர்.

அதில் ஒருவன் சலீம் என்ற முஸ்லிம் பையன் வேஷம். அவன் தலையில் குஞ்சம் வைத்த ஒரு துருக்கித் தொப்பி. குளிக்கும்போதும் தொப்பி, கால்பந்து ஆடும்போதும் தொப்பி, படுக்கையில் காய்ச்சலாகக் கிடக்கும் காட்சியிலும் தொப்பி. இன்னொருவன் பிராமணப் பையன். நெற்றி நிறைய நாமம், தலையில் ஒட்டுக் குடுமி. அந்தக் குடுமி முதல் நாளே காற்றில் கிளம்பிப் பனைமரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த கிராப்போடு நின்றுகொண்டிருந்த சேஷன், "அபத்தம்டா! எங்காத்துல எந்தக் கொழந்தைக்குடா இப்ப குடுமி இருக்கு? எங்க தாத்தாவே போன வருஷம் எடுத்துட்டார்" என்று பொருமினான்.

தப்பு சார் விடுவாரா? டைரக்டர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, அந்தப் பையனுக்கு எதுக்குங்க எந்நேரமும் தொப்பி?"

"அவன் முஸ்லிம்னு ஜனங்களுக்குத் தெரியணுமில்லையா?"

"எதுக்குங்க தெரியோணும்? எங்க ஹாஸ்டல்ல ரோல்கால் எடுத்தாத்தானுங்க எனக்கே தெரியும்!"

டைரக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அடுத்த காட்சியில் பன்னிரண்டு பையன்களும் பாதிரியார் வேஷக்காரரைச் சூழ்ந்துகொண்டு கையை நீட்டி, "தந்தையே! எங்களுக்குப் பசிக்கிறது தந்தையே!" என்றார்கள். சாருக்குப் பொறுக்கவில்லை. "தப்பு!" கேமரா நின்றது.

"பசிச்சா எந்தப் பையனுங்க 'தந்தையே'ங்கறான்? டேய், இங்க வாங்கடா. பசிச்சா என்னடா சொல்லுவீங்க? இவருக்குச் சொல்லுங்க!"

நாங்கள் இதற்குத்தான் காத்திருந்தோம். "பசிக்குதுங் சார்!" என்றான் ஒரு கவுண்டர் வீட்டுப் பையன். "வயிறு பசிக்கி சார்!" என்றான் ஞானம். "எனிக்கு விசக்குந்நே!" என்று ஒரு மலையாளி அலறினான். "நேக்குப் பசிக்கலை, நான் சாப்ட்டாச்சு" என்றான் சேஷன், அவன் எப்போதும் உண்மையே பேசுவான்.

"இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்று தலையில் கை வைத்தார் டைரக்டர்.

"ரெண்டும்தானுங்க!" என்றார் தப்பு சார், மனப்பூர்வமாக.

அன்றைக்கு மட்டும் ஏழு தடவை 'தப்பு'. சாயங்காலம் ரெக்டர் அச்சன் அவரைக் கூப்பிட்டார். நாங்கள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அச்சன் பேசுவது மலையாளத்தில் முக்கியெடுத்த தமிழ். "சாரே, மதி, போதும். இனி ஒரு தவணை தப்புன்னு வாய் திறந்தால், அந்நேரமே பெட்டி எடுக்கணும். ஞான் சொல்லுந்நது விளையாட்டல்ல, கேட்டோ?"

சார் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பதினாறு வருஷமாக அந்த ஹாஸ்டலின் கோடி அறைதான் அவருக்கு வீடு. கல்யாணம் ஆகவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு அண்ணன் உண்டு, பண்டிகைக்குப் போனாலே "எப்பத் திரும்பறே?" என்று கேட்கிற அண்ணன். பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் போக வேறு இடம் கிடையாது. அது எங்களுக்கே தெரியும்.

மறுநாள் மதராஸ் பையன்களில் ஒருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காயாகிவிட்டது. எஸ்டேட் பையன் வேஷம் அவனுக்கு. வேறு யாரும் அந்த வேஷத்துக்குச் சம்மதிக்கவில்லை. அசிஸ்டெண்ட் எங்கள் வரிசையைப் பார்த்து, "டேய், நீ வா" என்று ஞானத்தைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் ஒரு காட்சி, வெள்ளிக்கிழமை எடுக்கிறோம் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞானம் அன்றே அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டான். அப்புறம் நேராகத் தப்பு சாரிடம் போனான். நானும் கூடப் போனேன்.

"சார், எங்க எஸ்டேட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு வாட்டி ஜீப்புல படப்பெட்டி வரும் சார். ஸ்டோர் செவுத்துல துணி கட்டிப் படம் போடுவாவ. எங்கம்மை என்னையப் பாப்பா. நீங்க சத்தம் போட்டா என்னையத் தூக்கிருவாவ சார். கும்பிடுதேன், ஒண்ணும் சொல்லிராதிய."

சார் அவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "சொல்ல மாட்டேன் கண்ணு. என்ன கூத்தடிச்சாலும் சொல்ல மாட்டேன். போ" என்றார். அச்சனுக்குப் பயந்து வாயை மூடியதைவிட இவனுக்காக மூடியதுதான் கெட்டி என்று எனக்கு அப்போதே பட்டது.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் ஜும்மாவுக்குப் போய்விட்டோம். அதனால் நாங்கள் வரும்வரை நடந்ததைச் சேஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு ஹாலில் பாய்களைச் சுருட்டிவிட்டு நீள மேஜையும் நாற்காலியும் போட்டார்களாம். நாங்கள் ஆயுசில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறோம். மேஜை நிறைய ஆட்டுக்கறி, ஆவி பறக்க. மீதிப் பதினொரு மதராஸ் பையன்களும் உட்கார்ந்தார்கள், தொப்பி சலீம் நடுவில். பிறகு மேக்கப்காரர் ஞானத்தைக் கூப்பிட்டு முகத்திலும் கையிலும் கரியைக் குழைத்துப் பூசினாராம். அவன் ஏற்கெனவே கறுப்புதான். கேமராவுக்கு அது போதவில்லையாம். அப்போதுதான் டைரக்டர் காட்சியைச் சொல்லியிருக்கிறார்: "சலீம் அந்தப் பக்கம் திரும்புவான். நீ மெதுவா வந்து அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியைத் திருடித் தின்னணும். பல்லைக் காட்டணும். ஜனங்க சிரிப்பாங்க."

தப்பு சார் இதைக் கேட்டார். வாயைத் திறந்தார். திறந்த வாயில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அடைத்துக்கொண்டாராம். சேஷன் சொன்னான்: "நேர்ல பாத்தேண்டா. கழுத்து நரம்பெல்லாம் கயறு மாதிரி நின்னுது. கண்ணு ரெண்டும் வெளியில விழுந்துடுமோன்னு பயந்துட்டேன்."

கேமரா ஓடியது. சலீம் திரும்பினான். ஞானம் மெதுவாக வந்தான். தட்டைப் பார்த்தான். பக்கத்திலிருந்த காலித் தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்து மூடினான்.

"கட்! டேய், திருடச் சொன்னா மூடறியே! மறுபடி!"

மறுபடி கேமரா ஓடியது. மறுபடி வந்தான். மறுபடி மூடினான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. வெள்ளிக்கிழமை, ஒரு முஸ்லிம் பையனுடைய தட்டு, உடையவன் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகப் பழகிய கை அதுபாட்டுக்குப் போய்த் தன் வேலையைச் செய்தது.

"ஏண்டா மூடறே?" என்று டைரக்டர் கத்தினார்.

"தொழுகைக்குப் போயிருக்கான்லா சார், வந்து திம்பான்."

"எதிரிலேயே உக்காந்திருக்கானேடா!"

"இது வேசம்லா சார். நெசத்துக்கு இந்நேரம் பள்ளிவாசல்லலா இருப்பான்."

மூன்றாம் தடவை கேமரா ஓட ஆரம்பித்தபோது நாங்கள் வந்துவிட்டோம். வேகாத வெயிலில் ஒன்றரை மைல் நடந்து, வயிறு ஒட்டிப்போய், ஹாலில் என்ன நடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஐந்து பேரும் நேரே மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். "ஞானம், எங்க தட்டு எங்கடா?" என்றேன் நான்.

"கட்! கட்! யாருய்யா இவனுங்க?" டைரக்டர் குதித்தார்.

"முஸ்லிம் பையன்கள் சார், தொழுதுட்டு வர்றாங்க" என்றார் அசிஸ்டெண்ட்.

டைரக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். தலைக்குக் கட்டியிருந்த கைக்குட்டையை நான் பையில் வைத்துவிட்டிருந்தேன். "முஸ்லிம் பையன் மாதிரியே இல்லையே!" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் அத்தா ராவுத்தர், அத்தாவுக்கு அத்தா ராவுத்தர், எங்கள் கடைப் பூனையைக்கூட ராவுத்தர் கடைப் பூனை என்றுதான் ஊரில் சொல்வார்கள். இந்த மனிதருக்கு நான் போதவில்லையாம்.

அதற்குள் கரி பூசிய ஒரு உருவம் ஜன்னலுக்கு ஓடி, மூடிய தட்டுகளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தது. "யாருடா நீ?" என்றேன். "நாந்தாம்ல, ஞானம்." அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிதாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தப்பு சார் வாயிலிருந்து துண்டை எடுத்தார். முதலில் ஞானத்தின் பக்கம் வந்தார்.

"கண்ணு, உனக்குக் குடுத்த வாக்கை ஒடைக்கறேன். மன்னிச்சுக்கோ." பிறகு டைரக்டரிடம், கத்தாமல், சாதாரணமாகச் சொன்னார். "இந்தப் பையன் ரெண்டு வருசமா இவனுக தட்டுக்குக் காவலுங்க. இவனைத் திருடன்னு இவன் அம்மாவுக்கே படம் போட்டுக் காட்டப் போறீங்களா? தப்புங்க. நெம்பத் தப்புங்க."

"சாரே!" என்று வாசலிலிருந்து ரெக்டர் அச்சன் குரல் வந்தது. "பெட்டி!"

"எடுக்கறேனுங்க. அதுக்கு முன்னால அந்தப் பலகையையும் இந்த மேஜையையும் ஒருக்காப் பாத்துடுங்க."

அச்சன் பார்த்தார். சுவரில் கரும்பலகை. சாரின் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், 'வெள்ளி'. அதற்கு நேர் கீழே பதினொரு தட்டு நிறைய ஆட்டுக்கறி. இரண்டும் ஒன்றாகக் கேமராவுக்குள்.

"பிஷப் படம் பாப்பாருங்களா?" என்று மட்டும் கேட்டார் சார்.

அச்சனுக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை, அவருடைய ஹாஸ்டலில், அவர் கண்ணெதிரில், கத்தோலிக்கப் பிள்ளைகள் கறி தின்கிறார்கள் என்று ஊர் ஊராகத் திரைகட்டிக் காட்டப் போகிறார்கள். மணிக்கூண்டுக்கு ஆசைப்பட்டு அவர் இதைக் கவனிக்கவே இல்லை. "ஈஸோயே!" என்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, நடு ஹாலுக்கு வந்து, கையை உயர்த்தி, டைரக்டரைப் பார்த்து, "கட்!" என்றார். அதைவிடக் கம்பீரமாக எந்த டைரக்டரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கறி வெளியே போனது. மேக்கப்காரர் ஒருவரே முக்கால்வாசியைத் தின்று தீர்த்தார் என்று கேள்வி. டைரக்டர் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். பிலிம் கொஞ்சம்தான் மிச்சம், வெயிலும் சாய்கிறது. இங்கே எழுபது சொச்சம் பையன்கள் பசியில் கூச்சல் போட, தப்பு சார் பாய்களை விரிக்கச் சொல்லிவிட்டார். ஞானத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், முகத்திலிருந்த கரியைத் தன் கையாலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். எல்லோரும் உட்கார்ந்தோம். கஞ்சியும் பயறும் வந்தது. நாலு வகைத் தமிழிலும் ஒரு மலையாளத்திலும் சண்டை ஆரம்பமாயிற்று. சலீம் வேஷக்காரப் பையனும் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான், பாவம் அவனுக்கும் பசி. ஞானம் என் தட்டின் மேல் கவிழ்த்திருந்த தட்டை எடுத்தான். ஓரமாக நின்றிருந்த கேமராக்கார அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரையும் கேட்காமல் கேமராவைத் திருப்பி ஓட்டிவிட்டார்.

மணிக்கூண்டு வரவில்லை. ஆனால் சாருடைய பெட்டியும் கோடி அறையை விட்டு நகரவில்லை. அச்சன் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

மறுவருஷம் படம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. ஹாஸ்டலே போயிற்று. தப்பு சார் மிஷின் பக்கத்து ஸ்பெஷல் சீட்டில் உட்கார்ந்தார். தொப்பி வந்தது, "தப்பு!" குடுமி வந்தது, "தப்பு!" 'தந்தையே' வந்தது, "தப்பு! தப்பு!" நாங்கள் எண்ணிக்கொண்டே இருந்தோம், பதினொன்று ஆயிற்று. அப்புறம் எங்கள் காட்சி வந்தது. அரை நிமிஷம்தான். பாயில் வரிசையாகப் பையன்கள், ஞானம் தட்டைத் திறந்து எனக்கு நகர்த்துகிறான், வாயைத் திறந்துகொண்டு நான். பின்னால் வேட்டியை ஒரு மாதிரி மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அகப்பையோடு, கழுத்தை நீட்டி ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு ஒரு ஒல்லியான ஆள்.

தப்பு சார் எழுந்துவிட்டார். "யாருடா அது, கொக்காட்ட நிக்கறது? வார்டன்னா இப்படியா நிப்பாங்க? தப்பு!"

"சார், அது நீங்கதான் சார்!" என்று ஹாஸ்டலே கத்தியது.

சார் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு படம் முடிகிறவரை ஒரு சத்தம் இல்லை. படம் விட்டு நடந்து வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏண்டா, நான் அப்படியாடா நிக்கறேன்?"

"ஆமா சார்."

"ஒருத்தனாவது சொல்லியிருக்கலாமில்ல."

இரண்டு மாசம் கழித்து சக்குபள்ளத்திலிருந்து ஞானத்துக்குக் கடிதம் வந்தது. பையன்களுக்கு வரும் கடிதங்களை வார்டன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அது ஹாஸ்டல் சட்டம். ஞானத்தின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எஸ்டேட் கோயில் உபதேசியார் எழுதிய கடிதம். சார் அன்றைக்கு எங்களை வைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"மகனே, படத்தில் உன்னைக் கண்டேன். வளர்ந்துவிட்டாய். எல்லோரும் கேட்டதனால் ஆபரேட்டர் உன்னை இரண்டு தடவை போட்டுக் காட்டினார். இத்தனை நாள் நீ வயிறாரச் சாப்பிடுகிறாயோ என்னவோ என்று நினைத்து எனக்குத் தூக்கம் வராது. உன் பின்னால் அகப்பையோடு நின்ற அந்த மெலிந்த மனுஷன் யார் என்று தெரியவில்லை. அவர் எல்லாப் பிள்ளைகளின் தட்டையும் பார்த்தார், யாரும் அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவர் அருகில் இருக்கும் மட்டும் உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவரையும் சாப்பிடச் சொல்."

கடைசி வரியை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடிதத்தை அப்புறம் ஞானம் என்னிடம் காட்டினான். சார் கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நாம நல்லா இருக்கோம்னு எளுதிப் போடு" என்றார்.

"நாமன்னா யாரு சார்?"

"நீயும் நானும்தாண்டா."

எனக்கு அத்தா இருந்தார், அம்மா இருந்தாள், பாலக்காட்டில் மாடி வைத்த வீடு இருந்தது. ஆனாலும் அந்த நிமிஷம் ஞானத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை இன்னும் முழுசாகப் போகவில்லை.